இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே: கலிஃபோர்னியாவின் சாதி மசோதா எங்கே சறுக்கியது

கலிஃபோர்னியா செனட்டில் 34-1. அசெம்பிளியில் 50-3. திருத்தத்துக்கு ஒப்புதல் கேட்டு மறுபடி செனட்டுக்கு வந்தபோது 31-5. இவ்வளவு வித்தியாசத்தில் இரு அவைகளையும் தாண்டிய ஒரு மசோதா சட்டமாகவில்லை. 2023 அக்டோபர் 7, சனிக்கிழமை, ஆளுநர் கேவின் நியூசம் அதற்கு ஒப்புதல் தர மறுத்தார். மசோதாவின் எண் எஸ்.பி. 403 (எஸ்.பி. என்றால் செனட் மசோதா). அது சட்டமாகியிருந்தால், சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடை செய்த முதல் அமெரிக்க மாநிலம் கலிஃபோர்னியாவாக இருந்திருக்கும்.

வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்து வந்தவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை இடி விழுந்த மாதிரி. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் உரையை வரி வரியாகப் படித்து வந்தவர்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. ஆளுநர் சொன்ன காரணம் உட்கார்வதற்கான நாற்காலி அந்தக் கோடையிலேயே போடப்பட்டுவிட்டது. மசோதா போன வழியில் கூடவே நடந்தால்தான் அது தெரியும்.

முதலில் ஒரு விளக்கம். கலிஃபோர்னியா ஆளுநரை நம்மூர் ராஜ்பவன் ஆளுநராக நினைத்துவிடக் கூடாது. அவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். அதிகாரத்தில் முதல்வர் மாதிரி. சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள்: 40 பேர் கொண்ட செனட், 80 பேர் கொண்ட அசெம்பிளி. ஒரு மசோதா இரண்டிலும் குழு, பொது அவை என்று இரண்டு இரண்டு படி ஏற வேண்டும். கடைசியில் இரு அவைகளும் ஒரே உரையை ஏற்றிருக்க வேண்டும்.

ஏன் ஒரு மசோதா தேவைப்பட்டது

2020 ஜூன் 30 அன்று கலிஃபோர்னியாவின் இன்றைய குடிமை உரிமைத் துறை, சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அங்கே வேலை பார்த்த ஒரு தலித் பொறியாளரை, ஆதிக்க சாதியைச் சேர்ந்த மேலாளர்கள் சாதி காரணமாக ஒதுக்கினார்கள், புகார் செய்த பிறகு பழிவாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு நீடித்தது.

இந்த வழக்கில் மசோதாவுக்குத் தொடர்புள்ள சங்கதி ஒன்றுதான். மாநிலச் சட்டத்தில் 'சாதி' என்ற சொல் கிடையாது. அதனால் துறை தன் வழக்கை மதம், வம்சாவளி, தேசப் பூர்வீகம், இனம், நிறம் ஆகிய சொற்களுக்குள் பொருத்த வேண்டியிருந்தது. சட்டம் பாதுகாக்கும் வகைகளில் சாதி வராது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். பாகுபாடு நடந்ததா என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே, இது சட்டத்துக்குள் வருமா என்ற கேள்வியிலேயே வருடக்கணக்கில் காலம் போகும்.

இதற்கிடையில் பல்கலைக்கழகங்களும் நகரங்களும் முந்திக்கொண்டன. 2022 ஜனவரியில் 23 வளாகங்கள் கொண்ட கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் 6-1 என்ற வாக்கில் அதையே செய்தது. சியாட்டில் முடிந்த கையோடு எல்லோர் பார்வையும் கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவுக்குத் திரும்பியது.

எண் ஒரு மாதம், பொருள் ஒரு மாதம்

மசோதாவைக் கொண்டுவந்தவர் செனட்டர் ஆயிஷா வஹாப். 2022 நவம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கலிஃபோர்னியா செனட்டின் முதல் முஸ்லிம், முதல் ஆப்கன் அமெரிக்க உறுப்பினர். ஹேவர்டு, ஃப்ரீமான்ட் என்று தெற்காசியர் நெருக்கமாக வாழும் பகுதிகள் அவர் தொகுதியில் வருகின்றன. மார்ச் 22 அன்று அவர் செய்தியாளர்களைக் கூட்டி மசோதாவை அறிவித்தார்.

2023-இல் புது மசோதா அறிமுகம் செய்யக் கடைசி நாள் பிப்ரவரி 17. அறிவிப்பு வந்ததோ மார்ச் 22. இது முரண்பாடு இல்லை, வழக்கம். பல உறுப்பினர்கள் பிப்ரவரியில் ஏதோ ஒரு சின்னத் திருத்தத்தைப் போட்டு எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். உண்மையான சரக்கை மார்ச்சில் திருத்தமாக ஏற்றுவார்கள். ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல. மசோதாக்களைப் பின்தொடர்பவர்கள் பிப்ரவரிப் பட்டியலில் தங்கள் பொருளைத் தேடிவிட்டு 'இந்த வருடம் ஒன்றும் இல்லை' என்று மூடிவிடுவது இதனால்தான் தவறாகிறது. மார்ச் கடைசி வரை வாரம் ஒரு முறை, தலைப்பை வைத்துத் தேடாமல் சட்டப் பிரிவை வைத்துத் தேட வேண்டும். குடிமைச் சட்டத் தொகுப்பின் 51-ஆம் பிரிவு, அரசுச் சட்டத் தொகுப்பின் 12926-ஆம் பிரிவு: பாகுபாடு பற்றிய மசோதா பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தொடாமல் போகாது. எஸ்.பி. 403 இரண்டையும் தொட்டது, கல்விச் சட்டத் தொகுப்பையும் தொட்டது. முதல் பிரிவு கடை, உணவகம், விடுதி போன்ற வணிக இடங்களுக்கு. அன்ரூ சட்டம் என்பார்கள். இரண்டாவது வேலைக்கும் வாடகை வீட்டுக்கும்.

மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் உரை, வாக்குகள், வரலாறு, குழு ஆய்வுக் குறிப்பு என்று தனித்தனிப் பக்கங்கள் வரும். செலவில்லை, பதிவு செய்துகொண்டால் ஒவ்வொரு நகர்வுக்கும் மின்னஞ்சல் வரும். உரையில் புதிதாகச் சேர்த்தது நீலச் சாய்வெழுத்தில், நீக்கியது சிவப்பு அடித்தலில். ஆனால் இந்த வண்ணங்கள் முந்தைய வடிவத்தோடு மட்டுமே ஒப்பிடுகின்றன. மூன்றாவது திருத்தத்தைத் திறந்து பார்ப்பவருக்கு இரண்டாவதிலிருந்து மாறியது மட்டும் கண்ணில் படும். முதல் வடிவத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது படாது. அதற்கு 'வடிவங்களை ஒப்பிடு' என்ற தனிப் பக்கம் இருக்கிறது. அதைத் திறப்பவர்கள் குறைவு.

ஏப்ரல் 25: இரண்டு நிமிடம்

செனட்டின் நீதிக் குழு விசாரணை ஏப்ரல் 25 அன்று. ஆதரவு, எதிர்ப்பு இரு பக்கமும் நூற்றுக்கணக்கானோர் தலைநகருக்கு வந்து நடைகூடத்தில் வரிசை கட்டினார்கள். ஆதரவில் தலித் உரிமை அமைப்பான ஈக்வாலிட்டி லேப்ஸ் முன்னால் நின்றது. அதை நிறுவிய தேன்மொழி சௌந்தரராஜன், தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய தலித் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அம்பேத்கர் கிங் படிப்பு வட்டம், ரவிதாசி சீக்கியர் அமைப்புகள், மனித உரிமைக்கான இந்துக்கள் அமைப்பு ஆகியவையும் உடன் நின்றன. எதிர்ப்பில் இந்து அமெரிக்க அறக்கட்டளை, வட அமெரிக்க இந்துக்கள் கூட்டமைப்பு. அவர்களின் வாதம்: சட்டத்தின் மற்ற சொற்கள் எல்லோருக்கும் பொது, 'சாதி' மட்டும் ஒரு சமூகத்தை நோக்கி விரல் நீட்டுகிறது, தெற்காசியர் எல்லோரையும் சந்தேகத்தில் நிறுத்துகிறது.

குழு விசாரணை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் போய்ப் பேச்சைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. பொதுவாகப் பக்கத்துக்கு இரண்டு முதன்மைச் சாட்சிகள். ஆளுக்கு இரண்டு நிமிடம் போல. மற்றவர்கள் எத்தனை நூறு பேர் வந்திருந்தாலும் ஒலிபெருக்கி முன் வந்து பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்ற மூன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். நான்காவது வாக்கியம் ஆரம்பித்தால் தலைவர் நிறுத்துவார். ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவருக்குக் கிடைப்பது பத்து வினாடி.

அதனால் உண்மையான வேலை கடிதத்தில் நடக்கிறது. விசாரணைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு, குழு சொல்லும் நேரத்துக்குள், சட்டமன்றத்தின் இணையவழிக் கடித வாயில் வழியாக அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினருக்கு மட்டும் அனுப்பினால் குழுவின் குறிப்பில் பெயர் ஏறாது. இது அடிக்கடி நடக்கிற பிழை. ஒரே வார்ப்பில் வந்த ஐந்நூறு கடிதங்கள் ஆய்வுக் குறிப்பின் கடைசியில் 'தனிநபர்கள் பலர்' என்று ஒரு வரியாகச் சுருங்கும். அமைப்பின் பெயர்த்தாளில், எந்தத் தேதி வடிவத்தை ஆதரிக்கிறோம் என்று குறிப்பிட்டு வந்த ஒரு கடிதத்துக்கு அதைவிட எடை அதிகம். மசோதா திருத்தப்பட்ட பிறகும் பழைய கடிதமே நம் பெயரில் ஆதரவாகத் தொடரும் என்பதையும் மறக்கக் கூடாது. ஜூலையில் இது முக்கியமாகிறது.

இரு தரப்பும் குழுவின் முன் வைத்த புள்ளிவிவரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஈக்வாலிட்டி லேப்ஸின் 2018 அறிக்கைப்படி, தலித்துகளில் 67 விழுக்காட்டினர் பணியிடத்தில் சாதி காரணமாக நியாயமற்று நடத்தப்பட்டதாகச் சொன்னார்கள். கார்னெகி நிறுவனம் 2021-இல் வெளியிட்ட இந்திய அமெரிக்கர் ஆய்வில், சாதிப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 5 விழுக்காடு. எது பொய் என்று சண்டை நடந்தது. இரண்டின் வகுக்கும் எண்ணே வேறு. முதலாவது தலித்துகளிடம் கேட்ட கேள்வி, அதுவும் தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களிடம். அதிலிருந்து எல்லோருக்குமான அளவை எடுக்க முடியாது. இரண்டாவது இந்திய அமெரிக்கர் அனைவரிடமும் கேட்டது; அதில் சாதி சொன்ன இந்துக்களில் பத்துக்கு எட்டுப் பேர் பொதுப் பிரிவினர். பாகுபாட்டுக்கு ஆளாகக்கூடியவர்கள் அந்த மாதிரியில் மிகக் குறைவாக இருக்கும்போது 5 என்பதை 'பிரச்சினை இல்லை' என்று படிப்பதும் தவறு. சட்டமன்றக் குழுவிடம் இந்த விளக்கத்தை இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது. கடிதத்தில் ஒரு பத்தி போதும்.

குழு மசோதாவை எதிர்ப்பு வாக்கு இல்லாமல் அனுப்பியது. மே 11 அன்று செனட் பொது அவை 34-1.

பணக் குழு என்ற புதைகுழி

சமூக நீதி மசோதாக்கள் கலிஃபோர்னியாவில் அதிகமாகச் சாகிற இடம் நிதி ஒதுக்கீட்டுக் குழு. செனட்டில் பொது நிதியிலிருந்து 50,000 டாலர் அல்லது எல்லா நிதியும் சேர்த்து 1,50,000 டாலர், அசெம்பிளியில் 1,50,000 டாலர். இந்த அளவைத் தாண்டிய செலவு மதிப்பீடு வந்தால் மசோதா 'நிறுத்தக் கோப்பு' என்ற அடுக்குக்குப் போகும். வருடத்தில் இரண்டு நாள் அந்த அடுக்கை எடுத்து, நூற்றுக்கணக்கான மசோதாக்களுக்கு ஒரே மூச்சில் தீர்ப்பு வாசிப்பார்கள். விவாதம் கிடையாது. செத்தவற்றுக்குக் காரணமும் சொல்ல மாட்டார்கள்.

2023-இல் செனட்டின் தீர்ப்பு நாள் மே 18, அசெம்பிளியின் தீர்ப்பு நாள் செப்டம்பர் 1. எஸ்.பி. 403 மே 11 அன்றும் ஆகஸ்ட் 28 அன்றும் பொது அவை வாக்கெடுப்பை முடித்துவிட்டது. அதாவது இரண்டு அவைகளிலும் அந்த அடுக்குக்காகக் காத்திருக்கவில்லை. இருக்கிற துறையே, இருக்கிற விசாரணை முறையையே பயன்படுத்தும். புது அலுவலகம் இல்லை, புது உதவித்தொகை இல்லை. செலவு குறைந்த மசோதாவின் பலம் இது. ஆனால் செலவில்லாத மசோதாவைப் பார்த்து 'அப்படியானால் இது புதிதாக என்னதான் செய்கிறது' என்று கேட்பதும் சுலபம்.

கோடைத் திருத்தம்

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

செனட்டில் நிறைவேறிய வடிவத்தில் சாதி தனி வகை. மதம், நிறம், பாலினம் என்ற பட்டியலில் பக்கத்தில் நின்றது. அதற்கென்று ஒரு வரையறையும் இருந்தது: பிறப்பால் வந்த தகுதியின் அடிப்படையில் அமைந்த சமூக அடுக்கில் ஒருவருக்கு இருப்பதாகக் கருதப்படும் இடம். அந்த அடுக்கின் அடையாளங்களையும் சொன்னது. பிறந்த தகுதியை மாற்றிக்கொள்ள முடியாமை, திருமணத்தில் சமூகம் போடும் தடை, ஒதுக்கி வைத்தல், விலக்கி வைத்தல். யார் எழுதியிருந்தாலும், சேரித் தெருவையும் ஊர்த் தெருவையும் பார்த்தவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கும்போதே தெரியும்.

'கருதப்படும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சாதியைச் சான்றிதழ் பார்த்து யாரும் கண்டுபிடிப்பதில்லை. 'சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்ணார்? கவிச்சி சாப்பிடுவீங்களா?' என்று நாலு கேள்வி. தோளில் நட்பாகத் தட்டுவது போலப் பூணூல் தட்டுப்படுகிறதா என்று பார்க்கும் கை. ஊகித்துத்தான் ஒதுக்குகிறார்கள். ஊகம் தப்பாகவே இருந்தாலும் ஒதுக்கல் உண்மை.

அசெம்பிளியின் நீதிக் குழு ஜூலை 5 அன்று மசோதாவை எடுத்தது. அதையொட்டி வந்த திருத்தத்தில் தனி வகை போனது. ஏற்கெனவே சட்டத்தில் இருக்கும் 'வம்சாவளி' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் வந்தது. தமிழில் சொன்னால்: வம்சாவளி என்பது நேர் மரபு, பாரம்பரியம், பெற்றோர் வழி, சாதி, அல்லது பிறப்பால் வந்த எந்தச் சமூகத் தகுதியையும் உள்ளடக்கும், இவற்றோடு நின்றுவிடாது. சாதி இப்போது இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே ஒரு சொல்.

எதிர்த்தவர்கள் கேட்டது இதை இல்லை. அவர்கள் அந்தச் சொல்லே வேண்டாம் என்றார்கள். நடுவில் நின்ற உறுப்பினர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. 'புதிதாக யாரையும் குறிவைக்கவில்லை, இருப்பதைத் தெளிவுபடுத்துகிறோம்' என்று தொகுதிக்குப் போய்ச் சொல்ல முடிகிற வழி.

சட்டமாகப் பார்த்தால் இதில் இழப்பு குறைவு. வேலைவாய்ப்புச் சட்டமும் அன்ரூ சட்டமும் ஒரு வகையைச் சேர்ந்தவர் என்று தவறாகக் கருதப்பட்டவரையும் ஏற்கெனவே பாதுகாக்கின்றன. நீதிமன்றத்தில் 'சாதி' என்ற சொல் அச்சில் இருந்தால் போதும். அது எந்தச் சொல்லின் மடியில் இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். ஆதரவு வழக்கறிஞர்கள் இதை ஏற்றுக்கொண்டதைத் தவறென்று சொல்ல முடியாது.

இழந்தது வேறு. ஜூலை வரை மசோதாவின் வாதம் 'சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, அடையுங்கள்' என்பது. ஜூலைக்குப் பிறகு 'சட்டத்தில் இது ஏற்கெனவே இருக்கிறது, எழுதி வையுங்கள்' என்றாகிவிட்டது. முதல் வாதத்தை எதிர்ப்பவர் ஓட்டை இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இரண்டாவது வாதத்தில் நிரூபிக்கும் சுமை தோள் மாறுகிறது: இருப்பதை ஏன் மறுபடி எழுத வேண்டும் என்று கொண்டுவந்தவர்தான் சொல்ல வேண்டும். உரை மாறியது, துண்டறிக்கைகளும் முழக்கங்களும் மாறவில்லை.

தெளிவுபடுத்தும் மசோதாவே தோற்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. இதே நியூசம் 2019 ஜூலை 3 அன்று எஸ்.பி. 188-இல் கையெழுத்துப் போட்டார். 'கிரவுன் சட்டம்' என்று பெயர் பெற்றது அது. அதுவும் புது வகையைச் சேர்க்கவில்லை; 'இனம்' என்ற பழைய சொல்லுக்குள் முடியின் தன்மை, சடை, பின்னல் ஆகியவற்றை விளக்கமாக ஏற்றியது. அதே 12926-ஆம் பிரிவு, அதே உத்தி. வேறுபாடு எங்கே? சடை வளர்த்ததால் வேலை மறுக்கப்பட்ட ஒரு கறுப்பினப் பெண்ணின் வழக்கில், அது இனப் பாகுபாடு ஆகாது என்று 2016-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருந்தது. எஸ்.பி. 188-இன் முதல் பிரிவு, நீதிமன்றங்கள் எங்கே புரிந்துகொள்ளத் தவறின என்பதைச் சட்டமன்றத்தின் கண்டறிதலாகவே எழுதியது. 'ஏன் தேவை' என்ற கேள்விக்குப் பதில் மசோதாவின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது.

எஸ்.பி. 403-க்கு அப்படி ஒரு தோற்ற வழக்கு கையில் இல்லை. சிஸ்கோ வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. சாதி சட்டத்துக்குள் வராது என்று எந்தக் கலிஃபோர்னியா நீதிமன்றமும் தீர்ப்பளித்து முடிக்கவில்லை. வரும் என்றும் அளிக்கவில்லை. அந்தத் தெளிவின்மையைத்தான் மசோதாவின் தேவையாக ஜூலையிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்: தீர்ப்பு இல்லாத இடத்தில் ஒவ்வொரு புகார்தாரரும் முதல் சில வருடங்களையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் 'வருமா, வராதா' என்ற வாதத்துக்கே செலவழிக்கிறார் என்று.

எண்களை எப்படிப் படிப்பது

ஆகஸ்ட் 28, அசெம்பிளி. அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 50-3. மொத்தம் 80 பேர். மீதி 27 பேர் எங்கே?

கலிஃபோர்னியாவில் மசோதா நிறைவேற வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். செனட்டில் 21, அசெம்பிளியில் 41. ஆகவே வாக்களிக்காமல் இருப்பதும் 'இல்லை' என்பதும் கணக்கில் ஒன்றே. தொகுதியில் இரு பக்கமும் ஆள் இருக்கும்போது உறுப்பினர்கள் பொத்தானைத் தொடாமல் இருந்துவிடுவார்கள். யாரிடமும் எதிர்த்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் அப்படி இல்லை, சிலர் விடுப்பிலும் இருப்பார்கள். ஆனாலும் '50-3' என்பதைப் பதினேழுக்கு ஒன்று என்று படிப்பதைவிட, 80-இல் 50 என்று படிப்பது நிலவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இன்னொன்று: அசெம்பிளியில் முடிவு மாறாத வரை உறுப்பினர்கள் அன்றே பின்னால் வந்து வாக்கைச் சேர்க்கலாம். செய்தியில் வந்த எண்ணும் பதிவேட்டில் நிலைக்கும் எண்ணும் வேறுபடலாம். மறுநாள் காலையில் வாக்குகள் பக்கத்தைப் பெயர் பெயராகப் பார்ப்பதுதான் சரி.

செப்டம்பர் 5, செனட், அசெம்பிளியின் திருத்தத்துக்கு ஒப்புதல்: 31-5. மே மாதம் கடுமையான வடிவத்துக்கு எதிர்ப்பு ஒன்று. செப்டம்பரில் மென்மையான வடிவத்துக்கு எதிர்ப்பு ஐந்து. உரையைத் தளர்த்தினால் வாக்குக் கூடும் என்ற கணக்கு செனட்டில் நடக்கவில்லை. இடைப்பட்ட நான்கு மாதத்தில் எதிர்ப்பு அமைப்பாகியிருந்தது. வஹாபைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் இயக்கம்கூடத் தொடங்கப்பட்டிருந்தது. இந்த 34-இலிருந்து 31 என்ற சரிவு சின்னது. ஆனால் ஆளுநர் அலுவலகம் பார்ப்பது எண்ணை மட்டுமல்ல, எண் போகிற திசையையும்.

ஆளுநரின் மேசை

அமர்வு செப்டம்பர் 14 அன்று முடிந்தது. சாதாரண நாளில் ஆளுநருக்கு 12 நாள் அவகாசம். அமர்வு முடியும்போது அவர் கையில் இருப்பவற்றுக்கு அக்டோபர் 14 வரை. கையெழுத்தும் போடாமல் மறுக்கவும் செய்யாமல் விட்டால் மசோதா தானாகச் சட்டமாகும். கிடப்பில் போட்டுச் சாகடிக்கும் வசதி அங்கே கிடையாது. தமிழ்நாட்டில் நீட் விலக்கு மசோதா ராஜ்பவனிலும் டெல்லியிலும் கிடந்த காலத்தை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கும்.

பொறாமைக்கு ஒரு எல்லை உண்டு. இந்திய அரசமைப்பின் 200-ஆம் பிரிவின்படி, ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைப் பேரவை சாதாரணப் பெரும்பான்மையில் மறுபடி நிறைவேற்றினால் அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் மறுப்பை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்: செனட்டில் 27, அசெம்பிளியில் 54. செனட்டின் 31 தாண்டுகிறது. அசெம்பிளியில் அறிவிக்கப்பட்ட 50 நான்கு குறைகிறது. குறையாமல் இருந்திருந்தாலும் பயனில்லை. 1980-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் ஒரு மறுப்புகூட மீறப்பட்டதில்லை. நியூசம் அந்த ஒரு வருடத்தில் மட்டும் 156 மசோதாக்களை மறுத்தார்.

குழுவில் விசாரணை உண்டு, ஆய்வுக் குறிப்பு உண்டு, எல்லாம் பொதுவெளியில் இருக்கும். ஆளுநர் கட்டத்தில் ஒன்றும் இருக்காது. துறைகள் அவருக்குத் தனியே ஒரு குறிப்பு அனுப்பும். கையெழுத்து கோரும் கடிதங்கள், மறுக்கக் கோரும் கடிதங்கள் போகும். யார் சந்தித்தார்கள், என்ன பேசினார்கள் என்பது தெரியாது. ஆதரவாளர்கள் இந்த வாரங்களில் தெருவைத் தேர்ந்தெடுத்தார்கள். தேன்மொழி சௌந்தரராஜனும் மற்றவர்களும் சாக்ரமென்டோவில் உண்ணாநிலை இருந்தார்கள். செப்டம்பர் 28 அன்று ஃப்ரெஸ்னோ நகர மன்றம் சாதியைத் தன் பாகுபாட்டுத் தடை விதியில் சேர்த்து, மாநிலத்துக்குள்ளேயே ஒரு முன்மாதிரியைக் கொடுத்தது. உண்ணாநிலை 'இது நியாயம்' என்பதை அழுத்தமாகச் சொன்னது. நியாயம் இல்லை என்று ஆளுநர் சொல்லப் போவதில்லை என்பது அப்போதே ஊகிக்கக்கூடியதுதான்.

அவர் சொன்னது இது: பாலினம், இனம், நிறம், மதம், வம்சாவளி, தேசப் பூர்வீகம் முதலியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைக் கலிஃபோர்னியா ஏற்கெனவே தடுக்கிறது, இந்தப் பாதுகாப்புகளைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது, சாதிப் பாகுபாடு இந்த வகைகளுக்குள் ஏற்கெனவே தடை செய்யப்பட்டிருப்பதால் மசோதா தேவையற்றது.

ஜூலைத் திருத்தத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே வாதம், முடிவு மட்டும் வேறு. சாதி தனி வகையாகவே இருந்திருந்தால் நியூசம் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அசெம்பிளிக் குழுவையே தாண்டியிருக்காது என்பதுகூடச் சாத்தியம். ஆனால் மறுப்புக்கு அவர் வேறு காரணம் தேட வேண்டியிருந்திருக்கும். வேறு காரணம் எதுவும் இவ்வளவு மெத்தென்று இருந்திருக்காது.

எதிர்ப்பாளர்கள் வெற்றி கொண்டாடினார்கள். அவர்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று அந்தக் கடிதத்தில் இருக்கிறது. சாதி சட்டத்துக்குள் வரவே வராது என்பது அவர்கள் தரப்பின் அடிப்படை. வரும் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார் ஆளுநர். மறுப்புக் கடிதத்துக்கு நீதிமன்றத்தில் சட்ட பலம் கிடையாது, தீர்ப்பைக் கட்டுப்படுத்தாது. குடிமை உரிமைத் துறையோ அந்த ஆளுநரின் நிர்வாகத்துக்குக் கீழே இருப்பது. அது சிஸ்கோ வழக்கில் எடுத்த நிலைப்பாடும் அதுவே.

ஆகவே இன்று கலிஃபோர்னியாவில் புகார் கொடுப்பவர் சட்டத்தில் இருக்கிற சொற்களுக்குள்தான் வழக்கைப் பொருத்த வேண்டும். வேலையிடத்துப் புகாருக்குச் சம்பவம் நடந்து மூன்று வருடம் வரை அவகாசம். கடை, விடுதி போன்ற வணிக இடங்கள் பற்றித் துறையிடம் போக ஒரு வருடம். வகையைக் கேட்கும் இடத்தில் வம்சாவளியை விடக் கூடாது. பொருந்தினால் தேசப் பூர்வீகம், மதம், இனம் எல்லாவற்றையும் சேர்த்தே குறிக்க வேண்டும், ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும். விவரிக்கும் பகுதியில் 'சாதி' என்று வெளிப்படையாக எழுதி, யார் எந்தத் தேதியில் என்ன கேட்டார், ஊரைக் கேட்டாரா, தெருவைக் கேட்டாரா, அதன் பிறகு வேலையில் என்ன மாறியது என்பதைக் கேட்ட வார்த்தையிலேயே போட வேண்டும். 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்ற கேள்வியைத் தமிழிலேயே எழுதி, அதற்கு என்ன பொருள் என்று கீழே ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே வரவிருந்த அந்த ஒரு சொல் இல்லாததால், அந்த விளக்கத்தை ஒவ்வொரு புகார்தாரரும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.